குடியேறியவர் குடிமக்களாவது எவ்வாறு?



இந்தியக் குடியுரிமை பெறும் ஐந்து வழிகளைக் குடிமையியல் பாடத்தில் நாம் படித்திருக்கிறோம். பிறப்பு, வம்சாவளி, பதிவு, இயல்புக் குடியுரிமை, ஒரு நிலப்பகுதி நாட்டோடு இணைதல் என்பன அவை. இவற்றுள் நான்காவதைத் தேர்வுத் தாளில் எழுதிவிட்டு அத்தோடு மறந்துவிடுகிறோம். வேறொரு நாட்டில் பிறந்தவர் தாம் குடியேறிய நாட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்து, அந்நாட்டின் சட்டம் கேட்கும் தகுதிகளை அடைந்து, தாமே விரும்பி விண்ணப்பித்து அந்நாட்டின் குடிமக்களுள் ஒருவராவதே இயல்புக் குடியுரிமை எனப்படும். நம் நாட்டில் இதற்குப் பொதுவாகப் பன்னிரண்டு ஆண்டு வாசம் தேவை. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றைப் போதிய அளவு அறிந்திருக்கவும் வேண்டும். தமிழும் அந்த அட்டவணையில் இருப்பதால், தமிழறிந்த அயல்நாட்டார் ஒருவர் அந்தத் தகுதியைக் காட்டி இந்தியராகலாம் என்பது நமக்கு இனிக்கும் செய்தி.

இக்கட்டுரையில் நாம் பார்க்கப்போவது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டத்தை. படிப்புக்கும் வேலைக்கும் திருமணத்தின் வழியாகவும் நம் பெண்கள் பலர் சென்று வாழும் நாடு அது. ஆயினும் அவர்களைப் பற்றி நம் வீடுகளில் பேசும்போது இரண்டு தவறான எண்ணங்கள் அடிக்கடி காதில் விழுகின்றன. "கிரீன் கார்டு வந்துவிட்டது, இனி அவள் அமெரிக்கப் பிரஜைதான்" என்பது ஒன்று. "மாப்பிள்ளை அமெரிக்கப் பிரஜை, ஆகவே பெண்ணும் பிரஜை" என்பது மற்றொன்று. இரண்டும் சரியல்ல.

பச்சை அட்டை என்பது நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான சான்று மட்டுமே. அதை உடையவர் அங்கே வாழலாம், வேலை செய்யலாம், வீடு வாங்கலாம். வரியும் கட்டியாக வேண்டும். ஆனால் நாடாளுமன்றத் தேர்தலிலோ குடியரசுத் தலைவர் தேர்தலிலோ வாக்களிக்க முடியாது. நடுவர் குழுவில் அமர முடியாது. அந்நாட்டின் பாஸ்போர்ட்டும் கிடைக்காது. கடுமையான குற்றம் செய்தால் நாட்டைவிட்டு அனுப்பப்படலாம். நெடுங்காலம் வெளிநாட்டிலேயே தங்கிவிட்டால் அந்த உரிமையையே இழக்கவும் நேரிடும். நீண்ட காலக் குத்தகைக்கு வீடு எடுத்தவரின் நிலை என்று இதைச் சொல்லலாம். ஒருவர் நாற்பது ஆண்டுகள் பச்சை அட்டையோடு வாழ்ந்தாலும், தாமே விண்ணப்பிக்காவிட்டால் கடைசிவரை அவர் குடியேறியவரே.

விண்ணப்பிப்பதற்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். பச்சை அட்டை பெற்று ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். இந்த ஐந்தாண்டு விதி மிகப் பழையது. 1790-இல் இரண்டு ஆண்டு என்று தொடங்கி, 1795-இல் ஐந்தாகி, 1798-இல் பதினான்காக உயர்ந்து, 1802-இல் மீண்டும் ஐந்தாகியது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேலையின் வழியாகத் தரப்படும் பச்சை அட்டைகளில் பொதுவாக எந்த ஒரு நாட்டுக்கும் ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற வரம்பு உண்டு. அதனால் இந்தியர் பலர் அட்டைக்காகவே பல்லாண்டு காத்திருக்கின்றனர். அந்தக் காத்திருப்பு ஐந்தாண்டுக் கணக்கில் சேராது. அட்டை கிடைத்த நாளிலிருந்துதான் கணக்குத் தொடங்கும்.

அமெரிக்கக் குடிமகனை மணந்து அவருடன் சேர்ந்து வாழும் மனைவிக்கு மூன்று ஆண்டு போதும். அந்த மூன்று ஆண்டும் கணவர் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். சட்டம் இங்கே காலத்தைத்தான் குறைக்கிறதே தவிர, குடியுரிமையைத் தானாகக் கொடுத்துவிடவில்லை. குடிமகனான கணவனின் கொடுமைக்கு ஆளாகி, அதற்கென உள்ள சட்டப் பிரிவின் வழியே தானே பச்சை அட்டை பெற்ற பெண்ணுக்கும் இந்த மூன்றாண்டுச் சலுகை உண்டு. அவள் அவனோடு சேர்ந்து வாழ வேண்டும் என்ற நிபந்தனை அவளுக்குக் கிடையாது. நம் பெற்றோர்கள் இதை அறிந்துவைத்திருப்பது நல்லது.

ஆண்டுக் கணக்கு மட்டுமன்றி நாட்கணக்கும் உண்டு. ஐந்தாண்டில் பாதியளவு, அதாவது முப்பது மாதங்களாவது உடலளவில் அந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும். ஒரே பயணத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால், தொடர்ச்சியான வாசம் முறிந்தது என்றே அதிகாரிகள் முதலில் கொள்வர். வேலையை விடவில்லை, வீட்டைக் காலி செய்யவில்லை என்பன போன்ற சான்றுகளைக் காட்டி அதை மறுக்க வேண்டும். ஓராண்டோ அதற்கு மேலோ தங்கிவிட்டால் பொதுவாகத் தொடர்ச்சி முறிந்தேவிடும். இந்த விதி நம் வீட்டு வழக்கத்தோடு எங்கே மோதுகிறது என்று எண்ணிப் பாருங்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவது நம் மரபு. ஏழாம் மாதம் சீமந்தம் முடிந்து வருகிறவள், குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனபின் திரும்பினால் ஆறு மாதம் தாண்டிவிடுகிறது. தாய் அன்போடு "இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போ" என்பாள். அந்த ஒரு மாதம் மகளின் ஆண்டுக் கணக்கைக் குலைக்கக்கூடும் என்பதை அந்தத் தாய்க்கு யார் சொல்வார்கள்? பயணச் சீட்டு எடுக்கும்போதே நாட்களை எண்ணிவிட வேண்டியதுதான்.

நன்னடத்தையும் தேவை. இதில் வரி கட்டியமை, குற்றமின்மை, விண்ணப்பத்தில் உண்மை கூறல் ஆகியவை பார்க்கப்படும். அறியாமல் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஓட்டுநர் உரிமம் வாங்கும் அலுவலகத்திலேயே வாக்காளராகப் பதியும் படிவமும் தரப்படுகிறது. குடியுரிமை பெறுமுன் அதில் "நான் குடிமகள்" என்று கையெழுத்திட்டு வாக்கும் அளித்துவிட்டால், அது நாடு கடத்தும் அளவுக்கு வினையாகலாம். எந்தப் படிவத்தையும் வாசிக்காமல் கையெழுத்திடுவது எந்த நாட்டிலும் ஆபத்துதான்.

தகுதிகள் கூடியபின் என்-400 என்னும் விண்ணப்பம். 2024 ஏப்ரலில் நிர்ணயித்தபடி தாளில் விண்ணப்பித்தால் 760 டாலர், கணினி வழியே 710 டாலர் கட்டணம். பிறகு கைரேகைப் பதிவு, பிறகு நேர்காணல். நேர்காணலிலேயே தேர்வும் நடக்கும். ஆங்கிலத்தில் மூன்று வாக்கியங்களுள் ஒன்றையாவது சரியாக வாசிக்க வேண்டும், மூன்றில் ஒன்றையாவது சரியாக எழுத வேண்டும். அந்நாட்டு வரலாறும் ஆட்சிமுறையும் பற்றிய கேள்விகளை அதிகாரி வாய்மொழியாகக் கேட்பார். நாட்டின் உயர்ந்த சட்டம் எது, செனட் சபையில் எத்தனை உறுப்பினர், குடியேற்றக்காரர்கள் ஆங்கிலேயரிடமிருந்து ஏன் பிரிந்தனர் என்ற வகையில் கேள்விகள் அமையும். முன்பு 100 கேள்விகளிலிருந்து பத்தைக் கேட்டு ஆறுக்குச் சரியான விடை எதிர்பார்த்தனர். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்போருக்கு 128 கேள்விகளிலிருந்து இருபது கேட்கப்படும், பன்னிரண்டு சரியாக இருக்க வேண்டும். கேள்விகள் அனைத்தும் முன்னரே வெளியிடப்பட்டவை. நம் பொதுத்தேர்வு மாணவியர் பொறாமைப்படத்தக்க ஏற்பாடு! தவறினால் அறுபது முதல் தொண்ணூறு நாட்களுக்குள் இன்னொரு வாய்ப்பும் உண்டு.

முதியோருக்குச் சலுகை இருக்கிறது. ஐம்பது வயதாகி இருபது ஆண்டு நிரந்தர வாசம் உடையவரும், ஐம்பத்தைந்து வயதாகிப் பதினைந்து ஆண்டு உடையவரும் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டியதில்லை. வரலாற்றுக் கேள்விகளுக்கு மொழிபெயர்ப்பாளர் துணையோடு தம் தாய்மொழியில் விடை கூறலாம். அறுபத்தைந்து வயதும் இருபது ஆண்டும் கடந்தவருக்கு இருபதே கேள்விகள் கொண்ட சிறு பட்டியல். அதிலிருந்து பத்துக் கேள்விகள் கேட்கப்படும். மகன் வீட்டில் பேரப்பிள்ளைகளை வளர்த்த ஒரு தமிழ்ப் பாட்டி, ஜார்ஜ் வாஷிங்டனைப் பற்றித் தமிழிலேயே பதில் சொல்லிக் குடிமகளாகலாம்.

இவை இன்றைய விதிகள். தன் பெயரில், தன் தகுதியில், தானே விண்ணப்பிக்கும் இந்த உரிமை பெண்களுக்கு எளிதில் வந்துவிடவில்லை. அந்த வரலாற்றைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன்.

1855-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்கக் குடிமகனை மணந்த அயல்நாட்டுப் பெண், திருமணத்தாலேயே குடிமகளானாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மனைவியின் குடியுரிமை கணவனுடையதன் நிழல் என்பதே அதன் உட்பொருள். 1907-இல் அந்த உட்பொருள் வெளிப்பட்டது. அயல்நாட்டானை மணந்த அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழப்பாள் என்று சட்டம் வந்தது. எத்தல் மெக்கன்ஸி கலிபோர்னியாவில் பிறந்தவர். 1909-இல் ஸ்காட்லாந்துப் பாடகர் ஒருவரை மணந்தார். 1911-இல் கலிபோர்னியப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. 1913-இல் அவர் வாக்காளராகப் பதியச் சென்றபோது, "நீ இந்நாட்டுப் பிரஜை அல்லள்" என்று மறுத்தனர். பிறந்த ஊரைவிட்டு அவர் எங்கும் குடிபெயரவில்லை, திருமணம் ஒன்றைத் தவிர வேறு எதுவும் செய்யவுமில்லை. 1915-இல் உச்ச நீதிமன்றமும் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

1922-இல் கேபிள் சட்டம் இதை ஓரளவு திருத்தியது. ஆனால் ஒரு முள்ளை விட்டுவைத்தது. குடியுரிமை பெறத் தகுதியற்ற இனத்தவரை மணந்தவளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. தகுதியற்ற இனத்தவர் யார்? 1790-ஆம் ஆண்டுச் சட்டம் "வெள்ளையர்" என்றது. 1870-இல் ஆப்பிரிக்க வம்சத்தினரும் சேர்க்கப்பட்டனர். ஆசியர் இரண்டிலும் இல்லை. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத்சிங் திண்ட் என்னும் பஞ்சாபியருக்கு எதிராக 1923-இல் உச்ச நீதிமன்றம், இந்தியர் சட்டம் கூறும் வெள்ளையர் அல்லர் எனத் தீர்ப்பளித்தது. முன்னரே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறிக்க அரசு முற்பட்டது. வங்காள விடுதலை வீரர் தாரக்நாத் தாஸின் மனைவி மேரி தாஸ் அமெரிக்காவிலேயே பிறந்தவர். கணவரின் குடியுரிமை கேள்விக்குள்ளானதும் அவருடையதும் கேள்விக்குள்ளாயிற்று. இந்த முள் 1931-இல்தான் நீங்கியது.

அக்காலத்தில் மணமாகாத பெண் தானே விண்ணப்பிக்க முடிந்தது. அன்னை பிரான்செஸ் சேவியர் கப்ரீனி அவ்வாறு குடிமகளானவர். 1850-இல் இத்தாலியில் பிறந்த அவர், 1889-இல் நியூயார்க்கில் வந்திறங்கி, ஏழை இத்தாலியக் குடியேறிகளுக்காகப் பள்ளிகளும் அனாதை இல்லங்களும் மருத்துவமனைகளும் நிறுவினார். 1909-இல் சியாட்டில் நகரில் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். அம்மாநிலப் பெண்களுக்கு அப்போது வாக்குரிமை இல்லை, அடுத்த ஆண்டுதான் வந்தது. 1946-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட முதல் அமெரிக்கக் குடிமகள் அவரே. நம் அருட்சகோதரியர் அவரைக் குடியேறிகளின் பாதுகாவலியாக நன்கு அறிவர். அவர் தம் கைப்படப் பெற்ற குடியுரிமையை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை.

அதே 1946-இல் கிளேர் பூத் லூஸ் என்ற பெண் உறுப்பினரும் இமானுவேல் செல்லர் என்பவரும் முயன்று கொண்டுவந்த சட்டத்தால் இந்தியருக்குக் கதவு திறந்தது. ஆண்டுக்கு 100 பேர் மட்டுமே வரலாம் என்றாலும், குடியுரிமை கேட்கும் உரிமை கிடைத்தது. 1949-இல் குடிமகனான தலீப்சிங் சௌந்த், 1956-இல் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். 1952-ஆம் ஆண்டுச் சட்டம், இனத்தையோ, பாலையோ, மணமானவர் என்பதையோ காரணமாகக் காட்டி எவருக்கும் குடியுரிமையை மறுக்கலாகாது என்று தெளிவாகக் கூறியது. எத்தல் மெக்கன்ஸிக்கும் மேரி தாஸுக்கும் காலங்கடந்து கிடைத்த மறுமொழி என்று அந்த விதியைச் சொல்லத் தோன்றுகிறது. நம் விஞ்ஞானி சுப்பிரமணியன் சந்திரசேகரும் அவர் மனைவி லலிதாவும் 1937 முதல் அங்கே வாழ்ந்து, 1953-இல் குடியுரிமை பெற்றனர். 1983-இல் அவர் நோபல் பரிசு பெற்றபோது அமெரிக்கக் குடிமகன். இரண்டு நாடுகளும் அவரை நம்மவர் என்றன.

இறுதிப் படி உறுதிமொழி. நேர்காணலில் வென்றாலும் இதை எடுக்கும்வரை ஒருவர் குடிமகளல்லள். விழா நாளன்று பச்சை அட்டையைத் திரும்பக் கொடுத்துவிட்டு, பிற நாட்டு அரசுகளுக்குரிய விசுவாசத்தைத் துறப்பதாகவும், அமெரிக்க அரசியலமைப்பைக் காப்பதாகவும் கையுயர்த்திச் சொல்ல வேண்டும். ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடந்தராதவருக்கு அந்தச் சொற்களை விட்டுச்சொல்ல அனுமதி உண்டு. பிறகு சான்றிதழ் கையில் வரும். அங்கே பச்சை அட்டையோடு அவர்களுடன் வாழும் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள், 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி தாயோடு அல்லது தந்தையோடு தாமாகவே குடிமக்களாவர். இவ்வாறு குடிமக்களானவர் ஆளுநராகலாம், செனட் உறுப்பினராகலாம். குடியரசுத் தலைவராகவோ துணைத் தலைவராகவோ மட்டும் ஆக முடியாது.

இந்தப் பக்கத்தில் பெறும்போதே அந்தப் பக்கத்தில் ஒன்றை இழக்கிறோம். நம் 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவுப்படி, தாமாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெறுபவர் அக்கணமே இந்தியக் குடியுரிமையை இழக்கிறார். இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட வேண்டும். இது பலருக்கு மனத்தை உறுத்தும் காரியம். விண்ணப்பத்தைப் பல ஆண்டு தள்ளிப்போடுவோர் உண்டு. கணவர் விண்ணப்பித்து மனைவி விண்ணப்பிக்காத குடும்பங்களும் உண்டு. அதைத் தீர்மானிக்க வேண்டியவர் அவரவரே. துறந்தவர்கள் பின்னர் கடல்கடந்த இந்தியர் என்ற அட்டையைப் பெறலாம். அதைக் கொண்டு வாழ்நாள் முழுவதும் விசா இன்றி வந்து போகலாம், தங்கலாம். இங்கே வாக்களிக்க முடியாது, பொதுப் பதவி வகிக்க முடியாது. விவசாய நிலம் விலைக்கு வாங்கவும் முடியாது. தகப்பனார் விட்டுச்சென்ற வயலில் வாரிசாக வரும் பங்கை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.