இலாயப் படுக்கையிற் சிக்கனம்
(உப்பளம் போன்ற கடலோரத் தாழ்நிலங்களுக்கு ஏற்ற முறை)

குதிரையின் தீனிக்குக் கணக்குப் பார்ப்போர் பலர். அது படுக்கும் இடத்திற்குக் கணக்குப் பார்ப்போர் சிலரே. மலிவாகக் கிடைத்ததைப் பரப்பிவிட்டுச் செலவு மிச்சமாயிற்று என்று எண்ணுவது வழக்கம். அவ்வெண்ணம் பெரும்பாலும் பிழையாகவே முடிகின்றது. மூட்டையின் விலை வேறு; படுக்கையின் செலவு வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே சிக்கனத்தின் முதற்படியாகும்.

குதிரையைப் பேணத் தெரியாமையால் வரும் நஷ்டம் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ, அரசர்கள் கடல்வழியே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பெரும் பொருள் கொடுத்து வாங்கியதையும், அவற்றிற் பெரும்பாலானவை ஆண்டு முடியுமுன் மடிந்ததையும், பேணும் முறை அறிந்தோர் இல்லாமையே அதற்குக் காரணம் என்பதையும் எழுதிவைத்தார். வண்டிக் குதிரைகளின் காலம் மறைந்துவிட்டதாயினும், சவாரிக்கும் ஊர்வலத்திற்கும் குதிரை வைத்துப் பிழைப்போர் கடற்கரை ஊர்களில் இன்றும் உளர். ஒரு குதிரை நொண்டினால் ஒரு குடும்பத்தின் வருவாயே நின்றுவிடும்.

நிலத்தின் தன்மை

புதுச்சேரி நகரின் தெற்குப் புறத்தில் கடலை அடுத்துள்ளது உப்பளம். அளம் என்பது உப்பு விளையும் நிலம். ஆகவே ஊரின் பெயரே மண்ணின் தன்மையைக் கூறுகின்றது. இத்தகைய தாழ்நிலங்களில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். உப்புக் கலந்த மண் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நிலைமை இன்னும் கடினமாகும். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் கரையேறிய பெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது.

ஆகையால் இங்கே படுக்கைக்கு முன் தரையைக் கவனித்தல் வேண்டும். கீழிருந்து ஈரம் ஏறும் தரையில் எவ்வளவு வைக்கோல் பரப்பினும் வீணே. இலாயத்தின் தரையைச் சுற்றுப்புறத்தைவிட ஓர் அடியேனும் உயர்த்தி, செம்மண் சரளை இட்டுக் கெட்டித்து, அதன்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் பதித்துச் சுண்ணாம்புக் காரையால் இடைவெளியை அடைத்தல் நலம். 10 அடி நீளத்திற்கு 2 அங்குலம் சாய்வு இருப்பின் மூத்திரம் வடிந்து வாய்க்காலை அடையும். சாய்வு இதனினும் மிகுந்தால் குதிரையின் கால் நரம்புகள் வருந்தும். தரைக்குச் செய்யும் செலவு ஒருமுறைச் செலவு. செய்யாவிடில் அது நாள்தோறும் படுக்கையில் ஏறிக்கொண்டேயிருக்கும்.

படுக்கை ஏன் வேண்டும்?

குதிரை நின்றுகொண்டே கண்ணயரும் என்பது உண்மையே. ஆயினும் ஆழ்ந்த உறக்கம் அதற்குப் படுத்தாலன்றி வாராது. நாளொன்றுக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் வரை அது படுத்தல் அவசியம். ஈரமான அல்லது கடினமான தரையில் பல நாள் படுக்காமல் நிற்கும் குதிரை, உறக்கக் கலக்கத்தில் முன்னங்கால் மடிந்து விழுந்து முட்டியைக் காயப்படுத்திக்கொள்ளும். வெறுந்தரையில் மூத்திரம் தெறிக்குமாதலால் பல குதிரைகள் அதை அடக்கியும் வைக்கும்.

சுமார் 450 கிலோ எடையுள்ள குதிரை நாளொன்றுக்கு ஏறக்குறைய 15 முதல் 20 கிலோ இலத்தியும் பல லிட்டர் மூத்திரமும் கழிக்கும். நாட்டுக் குதிரைக்கு உருவத்திற்கேற்ப இது குறையும். இவ்வீரம் தேங்கினால் குளம்பின் அடியிலுள்ள முக்கோண வடிவான மென்பாகம் கறுத்து அழுகி நாற்றமெடுக்கும். நுண்கிருமிகளின் செயலால் மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா வாயு கண்ணையும் சுவாசப்பையையும் அரிக்கும். நிற்கும் மனிதனுடைய மூக்கிற்கு இது எட்டாமற் போகலாம். படுத்த குதிரையின் தலை இருக்கும் உயரத்திற்குக் குனிந்து முகர்ந்து பார்த்தலே சரியான சோதனை.

கிடைக்கும் பொருள்கள்

வைக்கோல்: பாகூர், வில்லியனூர்ப் பக்கத்து நெல்வயல்களிலிருந்து எளிதிற் கிடைப்பது. தன் எடையைப்போல் இரண்டு மடங்கிற்குச் சற்று மேலும் நீர் உறிஞ்சும். மட்கி நல்ல எருவாகும். பசித்த குதிரை இதைத் தின்னும் என்பதே குறை. படுக்கை விரிக்குமுன் புல் கொடுத்துவிடின் இது பெரிதும் குறையும். பூசணம் பிடித்த வைக்கோல் விலையின்றிக் கிடைத்தாலும் ஆகாது. அதன் தூசி தீராத இருமலை உண்டாக்கும்.

உமி: மலிவானது, எளிதில் அழுகாது. ஆயினும் ஈரத்தைப் போதிய அளவு உறிஞ்சாது, தூசி மிகுதி, எருக்குழியில் மட்க நெடுங்காலம் ஆகும்.

மரத்தூளும் இழைப்புச் சீவலும்: ஈரம் உறிஞ்சும், குதிரை விரும்பித் தின்னாது. தூளைவிடச் சீவலிற் தூசி குறைவு. நன்றாக மட்காத மரத்தூளை வயலிலிட்டால் அது மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தற்காலிகமாக இழுத்துக்கொள்ளும், பயிர் வெளுக்கும்.

தென்னை நார்க்கழிவு: தன் எடையைப்போல் ஐந்து மடங்கிற்கு மேலும் நீரைப் பிடிக்க வல்லது. ஆனால் பிடித்த நீரை எளிதில் விடாது. ஆகவே மூத்திரம் விழும் இடத்தில் அடிப்படையாக மட்டும் இடுக. உவர்நீரில் ஊறிய மட்டையின் கழிவில் உப்பு மிகும், அதை நீக்குக.

மணிலாக்கொட்டைத் தோல்: ஒருகாலத்தில் புதுச்சேரியிலிருந்து மார்சேய் துறைக்குக் கப்பலேறிய மணிலாவின் தோல் இன்றும் ஆலைகளிற் கிடைக்கும். குதிரை இதைத் தின்னும். ஈரம்பட்ட தோலில் நச்சுப் பூசணம் வளரும். ஆகவே விலக்குதலே நன்று.

கடல் மணல்: செலவில்லாதது போலத் தோன்றும். உப்பை நக்கும் ஆசையால் குதிரை மணலை விழுங்கும். அது குடலில் படிந்து கடும் வயிற்றுவலியை உண்டாக்கும். செலவில்லாத இம்மணல் ஒரு குதிரையையே விலையாகக் கொள்ளக்கூடும்.

கணக்கிடும் முறை

ஒவ்வொரு பொருளையும் 30 நாள் வைத்துப் பார்த்து, நான்கு இனங்களைக் குறித்துக்கொள்ளல் வேண்டும்: வாங்கிய விலையும் வண்டிச்சத்தமும், மாதத்தில் சென்ற அளவு, கூட்டி அகற்றும் கூலி, எருவால் வரும் வரவு.

ஓர் உதாரணம் காண்க. ஒரு மூட்டை மரத்தூளின் விலை ஒரு கட்டு வைக்கோல் விலையில் முக்காற்பங்கு என வைத்துக்கொள்வோம். மாதத்திற்கு வைக்கோல் 20 கட்டும் மரத்தூள் 16 மூட்டையும் சென்றால், மரத்தூளின் செலவு 12 கட்டு வைக்கோலின் விலைக்குச் சமம். இதுவரை மரத்தூளே மலிவு. ஆனால் வைக்கோல் எருவைப் பக்கத்துக் குடியானவர் 6 கட்டு விலை கொடுத்துப் பெற்றுக்கொள்ள, மரத்தூள் எருவை எவரும் கேளாமல் அதை அகற்ற 4 கட்டு விலை கூலியாகிறது என்க. அப்போது வைக்கோலின் நிகரச் செலவு 14; மரத்தூளின் செலவு 16. மலிவு எனத் தோன்றியது விலையுயர்ந்ததாயிற்று. எரு வாங்குவார் இல்லாத இடத்தில் இதே கணக்கு மாறவும் கூடும். ஆகவே அவரவர் இடத்துக் கணக்கே அவரவர்க்குப் பிரமாணம்.

நாள்முறை

புதுப் படுக்கை 6 அங்குலக் கனம் இருத்தல் வேண்டும். காலையில் இலத்தியையும் நனைந்த பகுதியையும் மட்டும் எடுத்துவிட்டு, காய்ந்ததைச் சுவரோரம் ஒதுக்கித் தரையைக் காற்றாட விடுக. சற்றே ஈரமானதை வெயிலில் உலர்த்தினால் மறுபடியும் உதவும். மாலையில் காய்ந்ததை விரித்து, குறைந்த அளவிற்குப் புதியது சேர்த்தால் போதும். எல்லாவற்றையும் நாள்தோறும் வாரி எறிதல் வீண்செலவு. ஒன்றையும் எடுக்காமல் மேலே மேலே போடுதல் நோய்க்கு வழி.

தை முதல் புரட்டாசி வரை வைக்கோல் ஒன்றே போதுமானது. மழைக்காலத்தில் உலர்த்த வெயில் இராதாதலால், அடியில் 3 அங்குலம் நார்க்கழிவோ சீவலோ இட்டு, மேலே வைக்கோல் பரப்புக. மழைக்கு வேண்டிய வைக்கோலை ஆவணி மாதத்திற்குள் வாங்கி, தரையிற் படாமல் பரண்மேல் அடுக்குதல் நலம்.

எருவும் சுகாதாரமும்

வாரிய படுக்கையை மேட்டுப்பாங்கான குழியில் இட்டு, ஈரம் குன்றாமல் மண்ணால் மூடி, மாதம் ஒருமுறை கிளறிவந்தால் மூன்று நான்கு மாதங்களில் எருவாகும். நார்க்கழிவு மிகுந்திருப்பின் மட்கத் தாமதிக்கும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் காட்டிய முறைப்படி ஒரு டன் கழிவிற்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு மட்கச் செய்யலாம். புது எருவிற் சுண்ணாம்பைக் கலத்தல் ஆகாது. தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும்.

இலத்தியை வாரக்கணக்கில் திறந்து கிடக்க விட்டால் ஈக்கள் பெருகும். கடிக்கும் ஈக்களே சர்ரா நோயை ஒரு குதிரையிலிருந்து மற்றொன்றிற்குக் கொண்டுசெல்வன. அந்நோயின் கிருமியை 1880இல் கிரிபித் எவன்ஸ் என்பார் பஞ்சாபிற் கண்டறிந்தார். குதிரை இலத்தியில் இசிவு நோயின் வித்துக்கள் இருத்தல் கூடும். ஆகவே காலிற் புண்ணுள்ளோர் இதைக் கையாளலாகாது. தடுப்பூசியும் போட்டுக்கொள்ளல் வேண்டும்.

கிராம அதிகாரிகள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மூக்கில் புண்ணும் சீழும், தோலில் உடையும் கட்டிகளும் காணப்படும் குதிரைக்குக் கிளாண்டர்ஸ் என்னும் தொற்றுநோய் இருக்கலாம். இது மனிதரையும் பற்றும். 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி, உடையவர் கிராம அதிகாரிக்கும், அவர் அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கு எழுத்துமூலமாகவும் உடனே தெரிவித்தல் கடமை. அக்குதிரையின் படுக்கையை எருக்குழியிற் சேர்க்காமல், மருத்துவர் சொற்படி எரித்துவிடல் வேண்டும். அவ்வெருவிற்கு வரும் காசைப் பெரிதாக எண்ணுதல் பேராபத்தாகும்.

சுருங்கக் கூறின், உலர்ந்த தரை, பூசணமற்ற வைக்கோல், மழைக்கு அடிப்படை, நாள்தோறும் ஈரம் அகற்றல், எருவைக் கணக்கிற் சேர்த்தல் ஆகிய ஐந்துமே இலாயப் படுக்கையின் சிக்கனம். இவற்றைக் கைக்கொள்வோரின் குதிரை மழைக்காலத்தைக் கடந்தும் நான்கு காலும் நலமாக நிற்கும்.