பொன் நட்சத்திரமும் சட்டைப் பொத்தானும்

புனே ஏரவாடாவில் பாலர் வகுப்பு நடத்தும் இளம் ஆசிரியைக்கு,

வீட்டில் தமிழும் தெருவில் மராத்தியும் பேசும் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துப் பால்வாடி நடத்துவதில் உள்ள பாடும், அதற்கிடையில் நாள்தோறும் குறிப்பு எழுதிவைப்பதற்கு வேண்டிய பிடிவாதமும் இத்தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியவை அல்ல. பிள்ளையை அடிக்கலாகாது, மிரட்டலாகாது, விளையாட்டே அதன் படிப்பு என்பனவும் இரு தரப்புக்கும் பொதுவானவை ஆதலால் அவற்றை இங்கே விரிக்க வேண்டியதில்லை. இக்கடிதம் எழுதப்படுவதற்குக் காரணம், ஆசிரியை அனுப்பிய நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் இணைத்திருந்த ஒரு பிள்ளையின் ஓவியமே ஆகும்.

நான்கு வயதுப் பையன் மெழுகு வண்ணக்கோலால் வரைந்த ஆடு அது. நான்கு கால்களும் வயிற்றின் ஒரே பக்கத்திலிருந்து கிளம்புகின்றன; கழுத்துக் கயிறு தாளின் விளிம்புவரை நீண்டு, அங்கே கட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல், திரும்பி ஆட்டின் காலிலேயே வந்து சுற்றிக்கொள்கிறது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் பளபளக்கும் பொன்னிற நட்சத்திரம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. அதன் கீழே சிவப்பு மையில் 'வெரி குட்' என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஆட்டுக்குக் கண் ஒன்றா இரண்டா, வாயில் இலை இருந்ததா என்பதை இனி எவரும் அறிய முடியாது. பிள்ளையின் தாளில் பெரியவரின் மை படலாகாது என்பது இதை எழுதுபவர் பணிக்காலம் முழுவதும் மாறாமல் பேசிவந்த கருத்து. இதற்காகச் சக ஆசிரியர்களின் சலிப்பைச் சம்பாதித்துக்கொண்டதும் உண்டு. தாளின் பின்புறத்தில் தேதி எழுதலாம், பெயர் எழுதலாம். முன்புறம் பிள்ளைக்கே உரியது.

சிலேட்டுப் பலகைக் காலத்தில் கண்ட ஒரு காட்சி இந்தக் கருத்துக்கு அடிப்படையாக அமைந்தது. அக்காலத்து ஆசிரியர்கள் பிள்ளையின் சிலேட்டில் சாக்கட்டியால் பெரிதாகப் 'பத்துக்குப் பத்து' என்று போட்டு வட்டமிடுவது வழக்கம். அந்த மதிப்பெண்ணைப் பெற்ற பிள்ளை அதன்பின் சிலேட்டை அழிக்காது. சட்டையில் உரசி எழுத்து கலைந்துவிடும் என்று அஞ்சி, இரு கைகளாலும் விளிம்பைப் பிடித்து, உடம்பிலிருந்து தள்ளி ஏந்தியவாறே வீடுவரை நடந்து போகும். அன்று அதன்பின் அது ஓர் எழுத்தும் எழுதியதில்லை. மதிப்பெண் பெறாத பிள்ளைகளோ எச்சில் தொட்டு அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தன. பாராட்டு வேலையை எப்படி முடித்துவைக்கிறது என்பதற்கு அந்தச் சிலேட்டைக் காட்டிலும் தெளிவான சான்று பின்னாளில் படித்த நூல்களிலும் கிடைக்கவில்லை.

நூல்கள் சொல்வதும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு வளாகத்து மழலையர் பள்ளியில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் நடத்தி 1973இல் வெளியிட்ட ஆய்வில், ஓவியம் வரைவதில் இயல்பாகவே விருப்பம் கொண்ட மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுள் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் பொன் முத்திரையும் நாடாவும் வைத்த சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. ஒன்றிரண்டு வாரங்களுக்குப் பிறகு, பரிசுப் பேச்சே இல்லாத விளையாட்டு நேரத்தில், அந்தப் பிள்ளைகள் வரைவதற்குச் செலவிட்ட நேரம் மற்றவர்கள் செலவிட்டதில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது; எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்றவர்களிடம் இக்குறைவு காணப்படவில்லை. ஒரு செயலை அச்செயலுக்காகவே செய்யவைக்கும் உள் விருப்பத்தை உளவியலார் அகத்தூண்டல் என்பர். கூலி பேசப்பட்ட உடனே அது பின்வாங்குகிறது என்பதே அவர்கள் கண்டது. பிறருக்கு உதவும் குணத்திலும் இது தெரிகிறது. ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டொமசெல்லோ இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், உதவியதற்குப் பொருள் பரிசு பெற்ற இருபது மாதக் குழந்தைகள் பின்னர் உதவ முன்வருவது குறைந்தது. ஆனால் வாய்ச்சொல்லால் மட்டும் பாராட்டப்பட்ட குழந்தைகளிடம் அந்தச் சரிவு இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். ஆகவே பரிசும் பாராட்டும் ஒன்றல்ல. நட்சத்திரத் தாளின் மீதான குற்றச்சாட்டை அப்படியே ஆசிரியையின் அன்பான சொல்லின் மீதும் சுமத்துவது நியாயமாகாது.

ஆசிரியையின் வாதம் நாட்குறிப்பின் முன்னுரையிலேயே வலுவாக வைக்கப்பட்டிருக்கிறது. விடியற்காலையில் வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் நாள் முழுவதும் கேட்பது அதட்டலே. ஆகவே பால்வாடியிலாவது அவர்கள் காதில் புகழுரை விழவேண்டும் என்கிறார். இதில் உள்ள கருணை போலியன்று. எனினும் எட்டி ப்ரும்மல்மன் முதலியோர் நெதர்லாந்தில் எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கவனிக்கத்தக்கது. தன்மதிப்புக் குறைந்த பிள்ளைகளுக்கே பெரியவர்கள் மிகைப் புகழ்ச்சியை அதிகம் வழங்குகிறார்கள். அப்படிப் புகழப்பட்ட அதே பிள்ளைகள்தாம் அடுத்த முறை கடினமான படத்தைத் தவிர்த்து எளிதானதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஏறிய உயரத்திலிருந்து விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் அவர்களைப் பிடித்துக்கொள்கிறது. அதட்டலையே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு மிகைப் புகழ்ச்சி மருந்தாகும் என்ற நம்பிக்கை, ஆகவே, மறுபரிசீலனைக்கு உரியது.

மேற்கு இந்தியாவில் இந்த விவாதம் புதியதன்று. பாவ்நகரில் 1920இல் பாலமந்திர் தொடங்கிய கிஜுபாய் பதேகா பிரம்பை எதிர்த்த அதே மூச்சில் பரிசையும் எதிர்த்தார். அவரோடு 1926இல் நூதன பால சிட்சண சங்கத்தை அமைத்த தாராபாய் மோடக், 1945இல் போர்டிக்குச் சென்று, பின்னர் கோஸ்பாடு குன்றில் அனுதாய் வாக்குடன் சேர்ந்து ஆதிவாசிப் பிள்ளைகளிடையே பணியாற்றினார். பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடி அவர்களுடைய முற்றத்துக்கே வகுப்பைக் கொண்டுபோனார். அங்கன்வாடி என்ற பெயரும் எண்ணமும் அங்கே உருவாகி, 1975இல் தொடங்கிய அரசுத் திட்டத்தின் வழியாக நாடெங்கும் பரவின. விதையும் கூழாங்கல்லும் கருவிகளாக இருந்த அந்த முற்றங்களில் பிள்ளையைப் பிடித்து உட்காரவைத்தது கையில் இருந்த வேலையே. இன்று பிரம்பு சட்டத்தால் விலக்கப்பட்டுவிட்டது. அது இருந்த இடத்தில் நட்சத்திர அட்டவணை வந்து உட்கார்ந்திருக்கிறது.

மரியா மாண்டிசோரி ரோம் நகரப் பள்ளியில் கண்டு எழுதிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. பரிசுச் சிலுவையைக் கழுத்தில் அணிந்திருந்த பிள்ளை தன் வேலையில் மூழ்கி அங்குமிங்கும் நடமாடுகையில் சிலுவை கீழே விழுந்தது. தண்டனையாகச் சும்மா உட்காரவைக்கப்பட்டிருந்த இன்னொரு பிள்ளை அதை எடுத்து நீட்டியபோது, உரியவன் அதைப் பொருட்படுத்தாமல் வேலைக்குத் திரும்பிவிட்டான். சும்மா உட்கார்ந்திருந்தவன் அதை அணிந்துகொண்டு மகிழ்ந்தான். அம்மையார் 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர் காரணமாக 1946வரை இந்தியாவில் தங்கினார். இதை எழுதுபவருக்குத் தொழில் கற்றுத்தந்த மூத்த ஆசிரியை அந்தப் பயிற்சி மரபில் வந்தவர். பிள்ளை படத்தைக் கொண்டுவந்து நீட்டினால் அவர் வாயைத் திறக்கமாட்டார், தரையில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கடிதம் படிப்பவரைப்போல் படத்தைப் பார்ப்பார், வெகுநேரம் கழித்து "இந்தக் கோடு எங்கேயிருந்து வருது?" என்று கேட்பார். பிள்ளை விரலால் காட்டிக் கதை சொல்லத் தொடங்கும். பல வேளைகளில் கதையின் பாதியில் தாளைப் பிடுங்கிக்கொண்டு, விட்டுப்போனதை வரைய ஓடிவிடும். அவர் எந்தப் பிள்ளையையும் புகழ்ந்து கேட்டவர் இல்லை. அவரைச் சுற்றிப் பிள்ளைகள் இல்லாமல் பார்த்தவரும் இல்லை.

நாட்குறிப்பின் இரண்டாவது குறை இப்படிப் பார்க்கத் தவறுவதிலிருந்தே கிளைக்கிறது. ஒரு குழந்தை ஒரு புட்டியிலிருந்து இன்னொரு புட்டிக்குச் சிந்தாமல் தண்ணீர் மாற்றியதை ஆசிரியை எழுதியிருக்கிறார். செயலுக்குக் கிடைத்திருப்பது அரை வரி. 'அருமையாகச் செய்தாள், சபாஷ் சொன்னேன், எல்லோரும் கைதட்டினோம், முகம் மலர்ந்தது' என்று பாராட்டுக்கு நான்கு வரி. அடுத்த வரியில், கைதட்டல் ஓய்ந்ததும் குழந்தை புட்டியை வைத்துவிட்டு நட்சத்திரம் கேட்டு வந்தாள் என்பது வெற்றியாகப் பதிவாகியிருக்கிறது. எந்தக் கையால் ஊற்றினாள், புட்டியின் வாய் எவ்வளவு குறுகலானது, முதலில் சிந்தியபோது எதை மாற்றிக்கொண்டாள் என்பவை இல்லை. 'அருமை' என்ற தீர்ப்பு கைவசம் இருக்கும்போது பார்க்கவேண்டிய தேவை ஆசிரியருக்கு இல்லாமற்போகிறது. மிகுதியான பாராட்டு பிள்ளையின் தலையைக் கனக்கச் செய்கிறது என்று பெரியவர்கள் சொல்லிவந்த குறையைவிட, அது ஆசிரியரின் கண்ணை மூடிவிடுகிறது என்பதே பெருங்கேடு.

ஏரவாடாவுக்கு இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. அவ்வூர்ச் சிறையில் 1922இல் காந்தியடிகள் 'பாலபோதி' என்ற சிறுவர் பாடநூலை எழுதினார். 1930இல் மீண்டும் அங்கே அடைக்கப்பட்டபோது சபர்மதி ஆசிரமப் பிள்ளைகளுக்குக் கடிதங்கள் எழுதினார். பிள்ளைகளின் கேள்விகளுக்கு விடை எழுதியதோடு கையெழுத்து சரியில்லை என்றால் அதையும் சொன்னார். பார்க்க முடியாத தூரத்தில் இருந்தவர் பிள்ளை என்ன செய்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எதிரிலேயே இருக்கும் ஆசிரியர் அந்தக் கேள்வியை ஏன் கேட்பதில்லை?

இத்தனைக்கும் பிறகு, நாட்குறிப்பில் மழைக்காலத்துப் பக்கம் ஒன்று இருக்கிறது. பாலர் கல்வியைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுள் அதற்கு இணையான பக்கத்தைக் காண்பது அரிது. கூரை ஒழுகிய நாளில், உதவியாளரான மாவ்ஷி விடுப்பில் இருந்ததால் ஆசிரியையே கிச்சடி பரிமாறிக்கொண்டிருக்கிறார். மூலையில் நான்கு வயதுச் சிறுமி தன் தம்பியின் நனைந்த சட்டையை மாற்றி, உலர்ந்த சட்டைக்குப் பொத்தான் போடுகிறாள். கழுத்திலிருந்து தொடங்கிக் கீழே வரும்போது ஒரு துளை மிச்சமாகிறது, எல்லாவற்றையும் கழற்றுகிறாள், மறுபடியும் ஒரு துளை மிச்சம். மூன்றாம் முறை சட்டையின் கீழ் விளிம்புகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, அங்கிருந்து மேல்நோக்கிப் போட்டுக்கொண்டே போகிறாள். கழுத்துப் பொத்தான் தன் துளையில் சரியாக விழுகிறது. தம்பி ஓடிவிட்டான், சிறுமி வேறொரு பிள்ளையைப் பிடித்து, ஒழுங்காக இருந்த அவன் சட்டையைக் கழற்றி மறுபடியும் கீழிருந்து தொடங்குகிறாள். கையில் கரண்டி இருந்ததால் ஆசிரியையால் கைதட்ட முடியவில்லை. அதனால்தான் அந்தச் சிறுமி இரண்டாவது சட்டைக்குப் போனாள், அதனால்தான் இப்பக்கமும் கிடைத்தது. ஒரு குழந்தையின் மனம் ஒரு வழியைக் கண்டுபிடிக்கும் கணத்தை விரல் விரலாக, ஓர் அடைமொழியும் இல்லாமல் எழுதிக்காட்டும் ஆற்றல் பயிற்சியால் வருவதன்று. அது இந்த ஆசிரியைக்கு வாய்த்திருக்கிறது.

நாட்குறிப்பை அச்சுக்குக் கொடுப்பதானால் அப்பக்கம் முதலில் வரட்டும்; பின்னிணைப்பிலுள்ள நட்சத்திர அட்டவணையை எடுத்துவிடலாம். வாங்கி மீந்த நட்சத்திரத் தாள்களை வீணாக்க வேண்டியதில்லை; ஒரு கூடையில் போட்டுப் பிள்ளைகளிடமே கொடுத்துவிட்டால், பின்தாளிலிருந்து கிழியாமல் உரிப்பதும், விரலில் ஒட்டியதை எடுத்து வேண்டிய இடத்தில் பதிப்பதும் நான்கு வயதுக் கைகளுக்குக் கடினமான, நல்ல வேலையாகும். அவ்வேலையை யார் எப்படிச் செய்தார்கள் என்பதையும், ஆட்டை வரைந்த பையன் அந்தக் கயிற்றுக்கு முளை ஏதும் கண்டுபிடித்தானா என்பதையும் அடுத்த மாதக் குறிப்பில் எழுதி அனுப்புமாறு ஆசிரியை கேட்டுக்கொள்ளப்படுகிறார்.