மந்தை மேய்க்கும் நாயின் இயல்பு

நெல்லும் மரக்கறியும் செய்கைபண்ணும் கமக்காரர் பலர் சில ஆடுமாடுகளையும் வளர்க்கின்றனர். ஆடு பயிரில் வாய்வைத்ததும் நாயை ஏவி விரட்டுதல் ஊர்களிற் காணும் வழக்கமாகும். சில முறை ஏவப்பட்ட நாய் பின்னர் ஏவாமலே ஓடும். ஈற்றில் வீட்டுக் கன்றையே துரத்தும். அதனைப் பொல்லாத நாய் எனப் பழிப்பதிற் பயனில்லை. அது தன் பிறவிக் குணத்தையே காட்டுகின்றது.

மேய்க்கும் குணத்தின் தோற்றம்

இரை தேடும் ஓநாய் முதலில் உற்றுநோக்கும், பதுங்கி அணுகும், துரத்தும், பின்னர் கடித்துப் பிடித்துக் கொல்லும். மேய்ப்பு நாயிடத்து முதல் மூன்று செயல்களும் வலுவாக உள்ளன. கடித்தலும் கொல்லுதலும் பல தலைமுறைத் தெரிவினால் அடக்கப்பட்டுள்ளன, முற்றாக அழிந்துவிடவில்லை.

இங்கிலாந்து, ஸ்கொத்லாந்து எல்லைப்புறத்தில் உருவான போடர் கோலி இனம் இதற்குச் சிறந்த உதாரணமாகும். 1893ஆம் ஆண்டில் நோதம்பலண்டைச் சேர்ந்த அடம் ரெல்பர் என்பாரிடம் பிறந்த ஹெம்ப் என்னும் நாய், ஆரவாரமின்றிப் பார்வையாலேயே செம்மறிகளை நடத்திப் புகழ்பெற்றது. இன்றுள்ள போடர் கோலிகளிற் பெரும்பாலானவை அதன் வழிவந்தவை.

ஒவ்வோர் ஆடும் தன்னைச் சுற்றி ஓர் இடைவெளியை வைத்திருக்கும். நாய் அதன் விளிம்பை அடைந்ததும் ஆடு மெல்ல விலகும். மேலும் நெருங்கினால் வெருண்டோடும். பழகிய நாய் இதனை உணர்ந்து, மந்தைக்கு அப்பால் இடையனுக்கு எதிர்ப்புறத்தில் நின்று, மந்தையை அவனிடம் கொணரும்.

காவல் நாய் வேறு

இத்தாலி நாட்டு மரெம்மா நாய் காவல் இனமாகும். அது குட்டிப் பருவந்தொட்டு ஆடுகளுடன் வளர்ந்து, அவற்றைத் தன் கூட்டமாகக் கொள்ளும். ஆடுகளைத் துரத்தாது, ஓநாயை எதிர்க்கும். ஒரே நாயிடம் மேய்ப்பையும் காவலையும் எதிர்பார்த்தல் தவறாகும்.

நம் ஊர் நாய்கள் இவ்விரு தொழிலுக்கும் தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்டவையல்ல. ஆகவே துரத்தும் நாய் கடியாது என நம்பியிருத்தலாகாது.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

1. குட்டியின் 3ஆம் கிழமை தொடக்கம் 12ஆம் கிழமை வரையுள்ள காலம் மிக முக்கியமானது. அக்காலத்தில் அதனை மனிதருடனும் பட்டி விலங்குகளுடனும் அமைதியாகப் பழக்குக.

2. குட்டி கோழியையோ கன்றையோ துரத்தினால் விளையாட்டென விட்டுவிடாது, உடனே தடுத்துக் கயிற்றிற் கட்டுக. துரத்தும் இன்பமே நாய்க்குப் பரிசாதலால், தடுக்காவிடில் அது வழக்கமாகிவிடும்.

3. "வா", "நில்" என்னுஞ் சொற்களை முதலிற் பழக்குக. வீட்டிலுள்ளோர் யாவரும் அதே சொற்களையே வழங்குதல் வேண்டும்.

4. அழைத்ததும் வந்த நாயை, அது முன் செய்த குற்றத்துக்காக அடித்தலாகாது. வந்ததற்கே அடி கிடைத்ததென எண்ணி, மறுமுறை அது வராது.

5. இரவில் நாயை அலையவிடாதீர். தனியே சாதுவாயிருக்கும் நாயும் பிற நாய்களுடன் கூடினால் வேட்டையாடத் துணியும்.

6. பயிரைக் காக்க வேலியை நம்புக, நாயை ஏவற்க. வெருண்டோடும் சினையாடு கருச்சிதைவடையலாம். மாடு கம்பியிற் சிக்கிக் காயமடையலாம். அத்துடன் அயலவருடன் பகையும் உண்டாகும்.

நாயின் குணத்தை மாற்றுதல் அரிது. அதனை நெறிப்படுத்துதல் இயலும். அதற்குரிய காலம் குட்டிப் பருவமே. கன்றைக் கடித்த பின்னர் நாயைத் திருத்த முயல்வதிலும், துரத்தத் தொடங்குமுன் தடுப்பதே எளிதாகும்.