உப்பு நீர் சூழ்ந்த ஊரில் ஒரு குடம் நல்ல தண்ணீர்

எர்ணாவூரிலிருந்து கடலோரமாக வடக்கே சென்றால், கத்திவாக்கத்தைத் தாண்டி எண்ணூர் முகத்துவாரத்தை அடைவீர்கள். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடம் அது. கழிக்கு அப்பால் பழவேற்காட்டை நோக்கி நீண்டு கிடக்கிறது காட்டுப்பள்ளி என்னும் மணல் நிலம். கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும். சுற்றிலும் உப்பு நீர் என்பதால் இதைத் தீவு என்றே சொல்லலாம். இன்று துறைமுகத்தின் பெரிய பாரந்தூக்கிகள் தொலைவிலிருந்தே கண்ணில் படும். ஆனால் மீன்பிடிப்பும் பயிர்த்தொழிலும் கொண்டு வாழ்ந்த சிற்றூர்களின் நிலம் இது. பனையும் சவுக்கும் நிற்கும் மணலில் ஓர் ஆள் ஆழத்துக்கு ஊற்றுத் தோண்டினால், குடிக்கத்தக்க தண்ணீர் சுரக்கும்.

கூப்பிடு தூரத்தில் கடல். வாயில் வைக்க முடியாத உப்பு. இங்கே மட்டும் நல்ல தண்ணீர் எப்படி வந்தது? “மணல் உப்பை வடிகட்டிவிடுகிறது” என்று உங்களில் பலர் சொல்வீர்கள். அது சரியன்று. மணல் தூசியை வடிகட்டும். நீரில் கரைந்த உப்பை வடிகட்டாது. கடல் நீரை எத்தனை முறை மணலில் ஊற்றினாலும் அது கடல் நீராகவேதான் வெளிவரும்.

அந்தத் தண்ணீர் மழையிலிருந்து வந்தது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை களிமண் நிலத்தில் ஓடிவிடும். மணல் மேட்டிலோ பெரும்பகுதி அப்படியே கீழே இறங்கிவிடும். கீழே மணலின் இடைவெளிகளில் ஏற்கெனவே கடல் நீர் இருக்கிறது. ஒரு லிட்டர் நன்னீரின் நிறை 1000 கிராம். ஒரு லிட்டர் கடல் நீரின் நிறை ஏறத்தாழ 1025 கிராம். லேசான நன்னீர் கனமான உப்பு நீரின் மேல் மிதக்கிறது. மணல் துகள்கள் நீரை விரைந்து ஓட விடுவதில்லை. ஆகவே இரண்டும் எல்லையில் சிறிதளவே கலக்கின்றன.

மிதக்கும் நன்னீர் எவ்வளவு ஆழம் இருக்கும்? நன்னீரின் மேல்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ‘உ’ அடி என்றும், அடிமட்டம் கடல் மட்டத்துக்குக் கீழ் ‘ஆ’ அடி என்றும் கொள்ளுங்கள். அடியில் இரு பக்க அழுத்தமும் சமமாக வேண்டும்.

1000 × (உ + ஆ) = 1025 × ஆ
ஆகவே, ஆ = 40 × உ

விடையை மறுபடியும் பாருங்கள். கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே 40 அடி நன்னீர் நிற்கும்! இதை 1880களின் இறுதியில் நெதர்லாந்துப் பொறியாளர் கீபன் கூறினார். வடகடல் தீவுகளில் கிணறுகளை ஆராய்ந்த ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியர் 1901இல் தனியே இதே முடிவை வெளியிட்டார். தீவின் நடுவே தடித்தும் கரையோரம் மெலிந்தும் இருப்பதால் இதனை ‘நன்னீர் வில்லை’ என்கிறோம்.

இலங்கையில், யாழ்ப்பாணத்துப் புத்தூர் அருகே பயிர் நிலங்களுக்கு இடையே நிலாவரைக் கிணறு இருக்கிறது. இராமபிரான் அம்பெய்து உண்டாக்கியது என்பது ஊர்க்கதை. சுண்ணாம்புப் பாறைக் குழிவான அக்கிணற்றில் மேலே நன்னீர். ஆழத்தில் உப்பு நீர். வில்லையின் மேல் பாகத்தையும் கீழ்ப் பாகத்தையும் ஒரே கிணற்றில் காணலாம்.

இனி ஒரு சோதனை. கண்ணாடித் தம்ளரில் பாதியளவு நீர் எடுத்து இரண்டு கரண்டி உப்பைக் கரையுங்கள். சில சொட்டு நீல மை விடுங்கள். கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகின் மேல் நல்ல நீரை மெல்ல வழிய விடுங்கள். நீலம் கீழேயும் தெளிந்த நீர் மேலேயும் நிற்கும். இப்போது மை நிரப்பியின் நுனியை எல்லைக்குச் சற்று மேலே வைத்து மெதுவாக உறிஞ்சுங்கள். தெளிந்த நீர் வரும். வேகமாக உறிஞ்சினால்? நீலம் கூம்பு போல் எழுந்து நுனிக்குள் புகுந்துவிடும்.

மணற்பாங்கான ஊர்களில் ஆழக் கிணறு வெட்டாமல், அகலமாகவும் ஆழமின்றியும் குழி தோண்டிக் குடத்தால் மொண்டு செடிக்கு ஊற்றுவது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா? குடம் தூக்கும் கை களைத்துவிடும். அதற்குள் ஊற்று தேறிவிடும். மோட்டாருக்குக் களைப்பில்லை. மேலே நீர்மட்டம் ஓர் அடி இறங்கி அப்படியே நின்றுவிட்டால், நாளடைவில் கீழேயிருந்து உப்பு நீர் 40 அடி ஏற முயலும்.

காட்டுப்பள்ளிக்கு மேற்கே மீஞ்சூர் வட்டாரத்தில் இதற்கு இணையான ஒன்று நடந்தேவிட்டது. 1960களின் இறுதியிலிருந்து சென்னை நகருக்கும் தொழிற்சாலைகளுக்கும் அங்கே ஆழ்குழாய்க் கிணறுகள் இடைவிடாமல் இறைத்தன. கடல் நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்தது. உழவர்களின் கிணறுகள் உவர்த்தன. நிலத்தடி நீரை எடுப்பதை ஒழுங்குபடுத்த 1987இல் சென்னைப் பெருநகரப் பகுதிக்குத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. உப்பு உள்ளே வரச் சில ஆண்டுகள் போதும். மழை அதை வெளியே தள்ளப் பல பத்தாண்டுகள் வேண்டும்.

விந்தை என்னவென்றால், கடல் நீரைக் குடிநீராக்கும் பெரிய ஆலை 2010இல் திறக்கப்பட்டது இதே காட்டுப்பள்ளியில்தான். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் அளவில் அமைக்கப்பட்டது. இத்தகைய ஆலைகளில் கடல் நீரைக் காற்றழுத்தத்தைப் போல் ஐம்பது, அறுபது மடங்கு அழுத்தத்தில் நுண்ணிய சவ்வுகள் வழியே தள்ளுகிறார்கள். நகரத்துக்கு அந்த நீர் தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மணல் மேடு மின்சாரமே இல்லாமல் நன்னீரைச் சேர்த்து வைத்திருந்தது. மேட்டை வெட்டி எடுத்தால், நம் கணக்கில் வரும் ‘உ’ குறைந்துவிடும்.

கடலோரச் சிற்றூர் ஒன்றுக்குச் சென்றால் நீங்களே அளந்து பார்க்கலாம். கொத்தனார் மட்டம் பார்க்கும் நீர் நிரப்பிய நீண்ட குழாயும், அளவு குறித்த இரண்டு கோல்களும் போதும். கடலோரத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாக நகர்த்திக் கிணறு வரை வாருங்கள். ஓதம் ஏறியபோதும் வற்றியபோதும் அளந்து, சராசரியைக் கடல் மட்டமாகக் கொள்ளுங்கள். கிணற்று நீர் கார்த்திகையில் அதைவிட 3 அடி உயரமாகவும் சித்திரையில் 1½ அடி உயரமாகவும் இருந்தால், இரண்டு மட்டங்களுக்கும் வாய்பாட்டின்படி கீழே நிற்கக்கூடிய நன்னீரின் ஆழம் எவ்வளவு?