படத்தில் தெரியாத கார்

நெமிலியில் உங்கள் வீட்டில் ஒரு மாலை நேரம் என்று வைத்துக்கொள்வோம். பழைய கார் ஒன்று வாங்கலாம் என்கிறார் அப்பா. இணையத்தில் தேடும் பொறுப்பு உங்களுடையது. சென்னையில் ஒரு கார் கண்ணில் படுகிறது. பத்து ஆண்டுப் பழையது. 28,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறதாம். பளபளப்பான படங்கள், விலையும் குறைவு. "இன்றே முன்பணம் அனுப்புங்கள், இல்லையென்றால் வேறொருவர் வாங்கிவிடுவார்" என்கிறார் விற்பவர். பல ஆண்டுச் சேமிப்பு கைமாற இருக்கிறது. வீட்டார் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள். என்ன சொல்வீர்கள்?

நம் பகுதியின் தோல் வணிகத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோலைத் தரம் பிரிப்பவர் அதைத் தடவுவார், மடிப்பார், புரட்டி வெளிச்சத்தில் பார்ப்பார். படம் என்பது பொருளின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிய ஒளியின் பதிவு. மணம், ஓசை, மீள்தன்மை, உள்ளே மறைந்த துரு ஆகியவை ஒளியோடு வருவதில்லை. காரின் முக்கியமான குறைகளோ பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. ஆகவே நேரில் சென்று சோதிக்க வேண்டும். அதற்கு நீங்கள் படித்த இயற்பியலே போதிய துணை.

ஓர் எண்ணை மட்டும் நம்பலாமா?

முதலில் அந்த 28,000 கிலோமீட்டரை எடுத்துக்கொள்வோம். பத்தால் வகுத்தால் ஆண்டுக்கு 2,800. அதை 365 ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 8 கிலோமீட்டருக்கும் குறைவு. நெமிலியிலிருந்து அரக்கோணம் சென்று திரும்பினாலே அதைவிட அதிகம். அரிதாகவே வெளியே எடுத்த காராகவும் இருக்கலாம். ஆனால் இக்காலக் கார்களில் ஓடிய தூரம் மின்னணு நினைவகத்தில் பதிந்த ஓர் எண். அதை மாற்றி எழுதும் கருவிகள் உண்டு.

எண்ணை மாற்றலாம், தேய்மானத்தை மாற்றுவது அவ்வளவு எளிதன்று. பிரேக், கிளட்ச் மிதிகளின் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறதா? ஸ்டியரிங் மெருகேறிப் பளபளக்கிறதா? ஓட்டுநர் இருக்கை அமுங்கியிருக்கிறதா? டயரின் பக்கச் சுவரில் DOT குறியீட்டின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். பணிமனைப் பதிவேட்டில் ஒவ்வொரு முறையும் குறித்த கிலோமீட்டர் ஏறுவரிசையில் உள்ளதா என்றும் பாருங்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரே அளவை வெவ்வேறு முறைகளில் கண்டு ஒப்பிடுகிறோம் அல்லவா? இங்கும் அதே வழிதான். ஒன்றையொன்று சாராத சான்றுகள் ஒத்துப்போனால் எண்ணை நம்பலாம். முரண்பட்டால் விற்பவரிடம் விளக்கம் கேட்க வேண்டும்.

காந்தமும் கையும்

மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தம் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். கதவு, பானெட் ஆகிய எஃகுத் தகடுகளின் மேல் பல இடங்களில் வைத்துப் பாருங்கள். விபத்தில் நசுங்கிய இடத்தைப் பட்டி பார்த்து வண்ணம் பூசியிருந்தால், காந்தத்துக்கும் எஃகுக்கும் இடைவெளி கூடும். இடைவெளி கூடினால் கவர்ச்சி விசை விரைவாகக் குறையும். ஒரே கதவில் ஓரிடத்தில் இறுகப் பிடித்து மற்றோரிடத்தில் நழுவினால் ஐயப்படலாம். பம்பர் பெரும்பாலும் பிளாஸ்டிக். அங்கே இச்சோதனை பயன்படாது.

அடுத்து, காரின் ஒரு மூலையை அழுத்தி விடுங்கள். நல்ல ஷாக் அப்சார்பர் என்றால் ஓரிரு அசைவில் அடங்கும். நீங்கள் படிக்கும் தடையுறு அலைவு இதுதான். ஆடிக்கொண்டே இருந்தால் தடை குறைந்துவிட்டது என்று பொருள்.

எஞ்சின் ஆறிய நிலையில் இருக்கும்போதே இயக்கிப் பார்க்க வேண்டும். முன்பே சூடாக்கி வைத்திருந்தால், காலையில் கிளம்பத் திணறும் குறை வெளிப்படாது. நீலப் புகை எஞ்சின் எண்ணெய் எரிவதையும், கரும்புகை எரிபொருள் முழுதும் எரியாததையும் காட்டும். குளிரில் தொடக்கத்தில் வரும் வெண்புகை நீராவியே. எஞ்சின் சூடான பின்னும் நிற்காவிட்டால் குளிர்விப்பு நீர் சிலிண்டருக்குள் கசியக்கூடும். சூடான ரேடியேட்டரின் மூடியை மட்டும் திறக்காதீர்கள். அழுத்தம் திடீரெனக் குறைந்தால் உள்ளே உள்ள நீர் கொதித்துப் பீறிடும்.

வெள்ளம் புகுந்த கார்

2015 டிசம்பர் பெருவெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. அப்படி மூழ்கிய காரைக் கழுவித் துடைத்துப் படமெடுத்தால் புதிதுபோலவே தெரியும். உள்ளே நடந்ததைப் பார்ப்போம்.

நான்கு சிலிண்டர் கொண்ட 1,200 கன செ.மீ. எஞ்சினில் ஒரு சிலிண்டரின் பங்கு 300 கன செ.மீ. அமுக்க விகிதம் 10 எனில், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மீதமுள்ள இடம் ஏறத்தாழ 33 கன செ.மீ. மட்டுமே. காற்று அமுங்கும், நீர் ஏறக்குறைய அமுங்குவதே இல்லை. இரண்டு மேசைக்கரண்டியைவிடச் சற்று அதிகமான நீர் புகுந்தாலும் பிஸ்டன் மேலே வர வழியில்லை. அந்நிலையில் எஞ்சினை இயக்கினால் பிஸ்டனின் இணைப்புத் தண்டு வளைந்துவிடும்.

மின்சுற்றின் கதை இன்னும் மோசம். வெள்ளநீரில் உப்புகள் கரைந்திருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். பேட்டரியின் மின்னழுத்தத்தில் இணைப்பு முனைகளில் மின்னாற்பகுப்பு நிகழ்ந்து செம்பு அரிக்கப்படும். கம்பி உறைக்குள் நீர் நுண்புழைக் கவர்ச்சியால் நெடுந்தூரம் ஏறும். இந்த அரிப்பு பல மாதங்கள் கழித்தே குறையாக வெளிப்படலாம். விபத்தின்போது விரியவேண்டிய காற்றுப்பை விரியாமல் போனால் இழப்பது பணத்தை மட்டுமன்று.

சோதிப்பது எளிது. கண்ணாடிகளை மூடிச் சிறிது நேரம் கழித்து உள்ளே முகருங்கள், ஈரவாடை தெரியும். சீட் பெல்ட்டை முழுதும் இழுத்து நீர்க்கறைக் கோடு உள்ளதா எனக் காணுங்கள். தரைவிரிப்பின் அடியில் வண்டல், இருக்கையின் இரும்புத் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண், முகப்பு விளக்கின் உள்ளே ஈரப்படலம் ஆகியவற்றையும் பாருங்கள்.

காகிதமும் பணமும்

ஆர்.சி.யில் உள்ள சாசி எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்தவற்றோடு ஒன்றுகின்றனவா எனப் பாருங்கள். அரசின் வாகன் தளத்தில் பதிவு விவரங்களைச் சரிபார்க்கலாம். வங்கிக் கடன் குறிப்பு இருந்தால், படிவம் 35 வழியே அதை நீக்கிய பின்பே வாங்க வேண்டும். உரிமை மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30 தேவை. நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் சோதனைகள் அவருடைய அனுபவத்துக்கு ஈடாகா.

வண்டியைக் காணாமல் முன்பணம், லாரி வாடகை என்று எதையும் அனுப்ப வேண்டாம். உங்களுக்குப் பணம் வருவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் தேவையில்லை. அது பணம் அனுப்புவதற்கே. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஆகவே அப்பாவிடம், "ஞாயிற்றுக்கிழமை பகலில் நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்" என்று சொல்லுங்கள். அதற்குள் கார் விற்றுப்போனால் போகட்டும். சேமிப்பு கையில் இருக்கிறது.

செய்து பாருங்கள்

1. தெருவில் நிற்கும் ஐந்து வண்டிகளின் டயர்களில் உள்ள நான்கு இலக்கங்களைக் குறித்து, அவற்றின் வயதைக் கணக்கிடுக.

2. இரும்புப் பெட்டியின் மேல் ஒன்று, இரண்டு, மூன்று என்று அட்டைகளை அடுக்கி, காந்தத்தின் பிடி எப்படிக் குறைகிறது எனக் காண்க.

3. 1,000 கன செ.மீ. கொண்ட மூன்று சிலிண்டர் எஞ்சினில் அமுக்க விகிதம் 11 எனில், பிஸ்டன் உச்சியில் உள்ளபோது ஒரு சிலிண்டரில் எஞ்சும் இடம் எவ்வளவு?