கான்கிரீட் இறுகியதா? சென்சார் சொல்லும்!

கேள்வி: புதிய கான்கிரீட் சாலை வண்டிகளைத் தாங்குமா என்பதை உள்ளே புதைத்த சென்சாரே சொல்லிவிடுமாமே?

பதில்: சொல்லும். ஆனால் பெரும்பாலான சென்சார்கள் அளப்பது வலிமையை அல்ல, வெப்பத்தை! சிமெண்டும் தண்ணீரும் வினைபுரிகையில் சூடு பிறக்கிறது. எவ்வளவு சூட்டில் எத்தனை மணி நேரம் இருந்தது என்ற கணக்கை வைத்து, கான்கிரீட் எந்த அளவு இறுகியிருக்கும் என்று மதிப்பிடுவார்கள். இதற்கு முதிர்வு முறை என்று பெயர். அளவுகள் ப்ளூடூத் வழியே பொறியாளரின் செல்போனுக்கு வந்துவிடும்.

வழக்கமான வழி, அதே கான்கிரீட்டில் கியூப் (கனசதுரக் கட்டி) வார்த்து 7, 28ஆம் நாட்களில் நசுக்கிப் பார்ப்பது. தண்ணீர்த் தொட்டியில் சொகுசாக ஊறிய கியூபும், வெயிலிலும் பனியிலும் கிடக்கும் சாலையும் ஒன்றாகுமா?

அவசரத்தின் விலை பெரிது. 1978 ஏப்ரலில் அமெரிக்காவின் வில்லோ ஐலண்டில், முந்தைய நாள் ஊற்றிய கான்கிரீட் பலம் பெறுமுன்பே சுமையேற்றியதால் சாரம் சரிந்து 51 தொழிலாளர்கள் மாண்டனர். முதிர்வு முறைக்கு அமெரிக்கத் தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம்.மின் தரநெறி 1987இல்தான் வந்தது.

வெப்பத்தை அளக்காத சென்சாரும் உண்டு. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகப் பொறியாளர் லூனா லூவின் குழு, அதிர்வுகளைக் கொண்டு வலிமையையே அறியும் சென்சாரை உருவாக்கி, இந்தியானா நெடுஞ்சாலைகளில் பதித்திருக்கிறது.

வெப்பத்தை மட்டும் பார்க்கும் சென்சாரில் ஒரு சிக்கல். கலவைக்குக் கலவை கணக்கு மாறும். வேலையிடத்தில் யாராவது இரண்டு வாளி தண்ணீரைக் கூடுதலாக ஊற்றினால் அதற்குத் தெரியாது. எனவே கியூப் சோதனையைக் கைவிட முடியாது.