ஒட்டுப்போர்வைக்குத் துணி சேர்ப்பது எப்படி?

ஆஸ்டின் டவுனிலும் அதைச் சுற்றியுள்ள நீலசந்திரா, விவேக்நகர் பகுதிகளிலும் வீட்டில் தையல் இயந்திரம் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. ரவிக்கை, சுடிதார் தைத்த நேரம் போக மிச்ச நேரத்தில் ஒட்டுப்போர்வை தைக்கலாமே என்று எண்ணுகிற சகோதரிகள், கடையில் துணி விலையைக் கேட்டதும் தயங்கி நின்றுவிடுகிறார்கள். ஒரு போர்வைக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குத் துணி வாங்கிவிட்டு, அதை என்ன விலைக்கு விற்பது? கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை காணும் வழிகளை இக்கட்டுரையில் படிப்படியாகப் பார்ப்போம்.

ஒட்டுப்போர்வை என்பது மூன்று அடுக்கு கொண்டது. மேலே சிறு துண்டுகளை இணைத்துத் தைத்த முகத்துணி, நடுவில் கதகதப்புக்கு ஓர் அடுக்கு, கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்து நூலோட்டத் தையல் போட்டு, நான்கு ஓரத்திலும் பட்டி வைத்து முடித்தால் போர்வை தயார். ஆங்கிலேயர் இதைக் கில்ட் என்கிறார்கள்.

விலை ஏன் ஏறுகிறது?

துணியின் விலை பஞ்சில் தொடங்குகிறது. 2022-ஆம் ஆண்டு கோடையில் ஒரு கேண்டி (356 கிலோ) பஞ்சின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. திருப்பூரும் ஈரோடும் கரூரும் தவித்த காலம் அது. பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை மத்திய அரசு அவ்வாண்டு ஏப்ரலில் தற்காலிகமாக நீக்க வேண்டி வந்தது. பஞ்சு ஏறினால் நூல் ஏறும். நூல் ஏறினால் நெசவு, சாயம், போக்குவரத்து எல்லாம் சேர்ந்து கடைத் துணியில் வந்து நிற்கும். பஞ்சு இறங்கும்போது மட்டும் கடை விலை அதே வேகத்தில் இறங்குவதில்லை. விலை நம் கையில் இல்லை. எவ்வளவு புதுத்துணி வாங்குகிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது.

பற்றாக்குறையில் பிறந்த கலை

இந்தக் கலையே துணி கிடைக்காத இடத்தில் வளர்ந்ததுதான். பதினேழாம் நூற்றாண்டில் நம் சோழமண்டலக் கரையிலிருந்து சீட்டித் துணிகள், அதாவது பூவேலை எழுதிச் சாயமேற்றிய பருத்தித் துணிகள், கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போயின. தங்கள் நெசவாளர்களைக் காப்பாற்ற இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1700-இல் அவற்றின் இறக்குமதியைத் தடுத்தது; 1721-இல் உடுத்துவதையே தடுத்தது. அந்தத் தடை 1774 வரை நீடித்தது. கையில் இருந்த துணி அரிதானபோது பெண்கள் கிழிசலைக்கூட எறியாமல் வெட்டிச் சேர்த்தார்கள். இங்கிலாந்தின் மிகப் பழைய ஒட்டுப்போர்வைகளில் ஒன்றாகச் சொல்லப்படும் லீவன்ஸ் ஹால் மாளிகைப் போர்வை, ஏறத்தாழ 1708-இல் இந்தியச் சீட்டித் துண்டுகளால் தைக்கப்பட்டது.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரில், அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் வயல் வேலையில் தேய்ந்த கால்சட்டைகளையும் சட்டைகளையும் போர்வையாக்கினார்கள். குளிருக்காகத் தைத்த அந்தப் போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கின.

இவ்வளவு தூரம் போவானேன்? நாம் வாழும் கர்நாடகத்திலேயே வடபகுதிப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கி நூலோட்டம் போட்டுக் 'கௌதி' தைக்கிறார்கள். உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திகள் தங்கள் போர்வையை ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே போவார்கள். இவற்றில் நடு அடுக்குக்கென்று தனியாக எதையும் வாங்குவதில்லை. பழந்துணி அடுக்கே மெத்தையாகிறது. இந்த ஒரு பாடத்தை நாம் எடுத்துக்கொண்டாலே செலவில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

முதல் பாடம்: மீட்டரை விட்டுச் சதுரத்தை எண்ணுங்கள்

கடைக்காரர் மீட்டர் விலை சொல்கிறார். நமக்கு வேண்டியதோ சதுரத்தின் விலை. ஒருவர் படுக்கும் கட்டிலுக்கு 60 அங்குலம் அகலம், 90 அங்குலம் நீளம் கொண்ட போர்வையை எடுத்துக்கொள்வோம். தைத்தபின் 6 அங்குலம் வரும் சதுரங்கள் என்றால், அகலத்தில் 10, நீளத்தில் 15, ஆக 150 சதுரங்கள். நான்கு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டுமாதலால் ஒவ்வொன்றையும் ஆறரை அங்குலமாக வெட்ட வேண்டும்.

44 அங்குல அகலத் துணியில் ஒரு வரிசைக்கு 6 சதுரம் கிடைக்கும். 25 வரிசை வேண்டும். நனைத்தால் சுருங்குவதையும் சேர்த்து நாலரை மீட்டர் வாங்க வேண்டும். 36 அங்குல அகலத் துணியில் வரிசைக்கு 5 சதுரம், 30 வரிசை, ஐந்தேகால் மீட்டர். இப்போது விலையைப் பாருங்கள். எடுத்துக்காட்டாக அகலத் துணி மீட்டர் 160 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 720 ரூபாய். குறுகிய துணி மீட்டர் 130 ரூபாய் என்றால் 683 ரூபாய். அதுவே 140 என்றால் 735 ரூபாய். மீட்டருக்கு இருபது ரூபாய் குறைவு என்று மகிழ்ந்து வாங்கியவர் உண்மையில் பதினைந்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருப்பார்.

சதுரத்தின் அளவும் முக்கியம். துண்டு சிறிதாகச் சிறிதாகத் தையலுக்குள் மறையும் துணி அதிகமாகும். 10 அங்குலச் சதுரத்தில், முகத்தில் தெரியும் அளவுக்கு மேல் 10 சதவீதம் துணி கூடுதலாக வேண்டும். 6 அங்குலத்தில் 17 சதவீதம். 3 அங்குலத்தில் 36 சதவீதம். ஆகவே புதுத்துணியை வாங்கிச் சிறு துண்டுகளாக வெட்டுவது வீண் செலவு. சிறு துண்டு வேலையை, ஏற்கெனவே சிறிதாகக் கிடைக்கும் வெட்டுத்துணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பாடம்: வீட்டிலிருந்து தொடங்குங்கள்

நவராத்திரிக்கும் வரலட்சுமி நோன்புக்கும் தாம்பூலத்தோடு வந்த ரவிக்கைத் துண்டுகள் எத்தனை வீட்டு அலமாரியில் மடித்தபடியே இருக்கின்றன! 36 அங்குல அகலத்தில் 80 சென்டிமீட்டர் துண்டு ஒன்றிலிருந்து 20 சதுரங்கள் வெட்டலாம். எட்டுத் துண்டுகள் இருந்தால் 160 சதுரங்கள். போர்வையின் முகம் முடிந்துவிட்டது.

அடித்துணிக்கு ஐந்தரை மீட்டர் பருத்திப் புடவை ஒன்று போதும். அதிலிருந்து 94 அங்குல நீளத்தில் இரண்டு பாகம் எடுத்துப் பக்கவாட்டில் இணைத்தால் 64 அங்குல அகலம் தாராளமாகக் கிடைக்கும். பக்கத்தில் வெட்டி எடுக்கும் மிச்சத்தில் நாற்பது சதுரம் தேறும். நடு அடுக்குக்கு இன்னொரு பழம்புடவை போதும்.

பழந்துணியை ஆராயாமல் வெட்டக்கூடாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வலைபோலத் தெரியும் இடத்தைத் தள்ளிவிடுங்கள். இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி இழுத்துப் பாருங்கள். பிரிகிற துணி போர்வையில் ஒரு வருஷம்கூட நிற்காது. புடவையில் உட்காரும் இடமும் கொசுவ மடிப்பும் முதலில் நைந்திருக்கும். முந்தானைப் பக்கம் பெரும்பாலும் நன்றாக இருக்கும்.

மூன்றாம் பாடம்: கிலோக் கணக்கில் வாங்குவது

தையற்கடைகளில் மிஞ்சும் வெட்டுத்துணியைச் சொல்லிவைத்து வாங்கலாம். ஆடை தொழிற்சாலைகளின் மிச்சத் துணியை எடை போட்டு விற்பவர்களும் இந்நகரத்தில் உண்டு. இங்கேயும் கணக்கு வேண்டும். நமது 150 சதுரங்களின் மொத்தப் பரப்பு சுமார் 4 சதுர மீட்டர். பாப்ளின் போன்ற துணி சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 120 கிராம் இருக்கும். ஆக நமக்கு நிகரமாகத் தேவைப்படுவது அரைக் கிலோதான்! கோணலும் மாணலுமான துண்டுகளில் பாதி வீணாகும் என்று வைத்தாலும் ஒரு கிலோ போதும். மலிவாயிற்றே என்று ஐந்து கிலோ மூட்டையைத் தூக்கி வந்தால் அது கட்டிலடியில்தான் கிடக்கும்.

எடையில் வாங்கும்போது மூன்று எச்சரிக்கைகள். ஈரத் துணி எடை கூட்டும். கையால் தொட்டுப் பாருங்கள். பனியன் துணி இழுபடும். அதை நெய்த துணியோடு சேர்த்துத் தைத்தால் போர்வை சுருண்டுகொள்ளும். உள்ளங்கையை விடச் சிறிய துண்டுகள் மூட்டையின் அடியில் இருக்கும். கொட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

பருத்தியா, பாலியெஸ்டரா என்ற சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து நாலு நூலை உருவி, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே இடுக்கியால் பிடித்து நெருப்பு வையுங்கள். பருத்தி, காகிதம் எரியும் மணத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். கலப்புத் துணியில் இரண்டும் தெரியும்.

நான்காம் பாடம்: எங்கே, எப்போது வாங்குவது?

புதுத்துணி வாங்கியே தீர வேண்டியபோது இடமும் காலமும் பார்க்க வேண்டும். அவசரத்துக்குக் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டும் சிவாஜிநகரும் பக்கம். அதிக அளவில் வாங்குவதானால் சிக்பேட்டை, மாமூல்பேட்டை மொத்த வியாபாரக் கடைகளே சிக்கனம். எம்.ஜி. ரோடில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்துக்கு மாறினால் அடுத்த நிலையமே சிக்பேட்டை. கர்நாடக அரசின் சக்தி திட்டம் 2023 ஜூன் 11-இல் தொடங்கியபின், இம்மாநிலப் பெண்களுக்குச் சாதாரண அரசுப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்க நூறு ரூபாய் ஆட்டோவுக்குக் கொடுப்பதில் பொருளில்லை.

தான் முடியும் இடத்தில் எஞ்சும் கட்பீஸ்களை தனியே கேளுங்கள். ஆடித் தள்ளுபடியை நம் ஊர்க் கடைகள் மட்டுமல்ல, ஆஷாட மாதம் என்று கன்னடக் கடைகளும் தருகின்றன. கைத்தறி வேண்டுவோர் 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ், கர்நாடகத்தின் பிரியதர்ஷினி விற்பனை நிலையங்களின் பண்டிகைக் காலத் தள்ளுபடிகளைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இன்னொரு நல்ல வழி கூட்டு முயற்சி. ஆறு பேர் சேருங்கள். ஆளுக்கு ஒரு துணியாக நாலரை மீட்டர் வாங்கி 150 சதுரம் வெட்டுங்கள். தனக்கு 25 வைத்துக்கொண்டு மற்ற ஐவருக்கும் 25 வீதம் கொடுங்கள். ஒவ்வொருவர் கையிலும் ஆறு வண்ணத்தில் 150 சதுரங்கள்! மொத்தமாக 27 மீட்டர் வாங்குவதால் விலையும் பேசலாம்.

எங்கே கை சுருக்கக் கூடாது?

ஓரப்பட்டிக்கு மட்டும் புதிய, உறுதியான பருத்தித் துணியே வேண்டும். கை படுவதும் இழுபடுவதும் அங்கேதான். அரை மீட்டர் துணியில் இரண்டேகால் அங்குல அகலத்தில் எட்டுப் பட்டைகள் வெட்டினால் சுற்றளவு முழுவதற்கும் வரும். நூலையும் நல்லதாக வாங்குங்கள். எந்தத் துணியானாலும் வெட்டுமுன் ஓர் இரவு நனைத்து உலர்த்தி இஸ்திரி போடுங்கள். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்துச் சாயம் ஒட்டினால் அந்தத் துணியை ஒதுக்குங்கள். ஒரு சிவப்புத் துண்டின் சாயம் முழுப் போர்வையையும் கெடுத்துவிடும்.

கணக்கு முடிவு

மீட்டர் 160 ரூபாய் என்ற அதே கணக்கில் எல்லாம் புதிதாக வாங்கினால்: முகத்துணி 720, அடித்துணி ஐந்து மீட்டர் 800, ஓரப்பட்டி 80, நடு அடுக்குப் பஞ்சு விரிப்பு 400 என்று வைத்தால், மொத்தம் 2,000 ரூபாய். வெட்டுத்துணி ஒரு கிலோ 200 ரூபாய் என்று கொண்டு, பழம்புடவை இரண்டும் புதிய ஓரப்பட்டியும் சேர்த்தால் 280 ரூபாய். துணி விலை நாளை பத்து சதவீதம் ஏறினால் முதல் போர்வையில் 160 ரூபாய் கூடும். இரண்டாவதில் 28 ரூபாய்தான் கூடும். விலை ஏற்றம் நம்மைத் தொடாமல் தள்ளி நிறுத்தும் வழி இதுவே.

விற்பனைக்குத் தைக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. துணியில் மிச்சம் பிடித்ததை அப்படியே வாங்குபவருக்குத் தள்ளிக் கொடுத்துவிடாதீர்கள். பழந்துணிதானே என்று வாங்குபவர் விலையைக் குறைப்பார். ஆனால் பழந்துணியை ஆராய்ந்து, துவைத்து, வெட்டிச் சேர்ப்பதற்குப் புதுத்துணியை விட அதிக நேரமாகும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் துணி, நூல், மின்சாரச் செலவை ஒரு பக்கமும், உட்கார்ந்த மணி நேரத்தை எதிர்ப்பக்கமும் எழுதுங்கள். அந்த மணி நேரத்தில் ரவிக்கை தைத்திருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதையாவது கூலியாகச் சேருங்கள். துணி விலை ஏறும்போதெல்லாம் தன் கூலியைக் குறைத்துச் சரிக்கட்டுபவர், கண்ணையும் முதுகையும் விலையாகக் கொடுக்கிறார். சிக்கனம் துணியில் இருக்கட்டும். உழைப்பின் மதிப்பில் வேண்டாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் திறந்து, இருக்கும் பருத்தித் துணிகளை எடுத்து எண்ணிப் பாருங்கள். கடைக்குப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.